ரைஷ், ஃபுர்ஸ்ட், ஹெர்ஷாஃப்ட்: ஆங்கில வழியில் உருமாறும் ஜெர்மன் ஆட்சிச் சொற்கள்

2022 டிசம்பர் 7ஆம் தேதி ஜெர்மனியில் சுமார் 3,000 காவலர்கள் ஒரே நாளில் பல மாநிலங்களில் சோதனை நடத்தினார்கள். அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாக, இன்றைய ஜெர்மன் குடியரசு செல்லாது என்று வாதிடும் 'ரைஷ்பூர்கர்' இயக்கத்தோடு தொடர்புள்ள பலர் கைதானார்கள். குழுவின் தலைவர்களில் ஒருவராகக் குற்றம் சாட்டப்பட்டவரை ஆங்கிலச் செய்திகள் 'பிரின்ஸ்' என்று எழுதின. இயக்கத்தின் பெயரைச் சில இடங்களில் 'ரைஷின் குடிமக்கள்' என்றும், சில இடங்களில் 'பேரரசின் குடிமக்கள்' என்றும் பெயர்த்தார்கள்.

இதை அப்படியே தமிழில் படிக்கிறவருக்கு இரண்டு கேள்விகள் எழும். மன்னராட்சி 1918இலேயே முடிந்துபோன நாட்டில் இளவரசர் எங்கிருந்து வந்தார்? இல்லாத பேரரசுக்கு யார் குடிமக்களாக இருக்க முடியும்?

முதல் கேள்விக்கு விடை 1919ஆம் ஆண்டின் வைமர் அரசியலமைப்பில் இருக்கிறது. பிரபுக்களின் பட்டங்கள் இனிப் பெயரின் ஒரு பகுதி மட்டுமே, புதிதாக யாருக்கும் பட்டம் வழங்கப்படாது என்று அதன் 109ஆவது பிரிவு சொல்லிவிட்டது. ஆகவே இன்று ஒரு ஜெர்மானியரின் பெயரில் 'பிரின்ஸ்' இருந்தால் அது குடும்பப் பெயரின் துண்டு. அகராதிப்படி மொழிபெயர்ப்பு சரி, சட்டப்படி தவறு. இரண்டாவது கேள்விக்கு இவ்வளவு சுருக்கமான விடை கிடையாது. அதற்கு 'ரைஷ்' என்ற சொல்லின் வரலாற்றுக்குள் போக வேண்டும்.

நாம் ஜெர்மன் வரலாற்றைப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே படிக்கிறோம். ஆட்சியைக் குறிக்கும் ஜெர்மன் சொற்களுக்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொற்கள் குறைவு. ஆங்கில மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போதே, அந்த ஆட்சி எத்தகையது என்ற தன் தீர்ப்பையும் அதற்குள் வைத்துவிடுகிறார். நாம் அந்தத் தீர்ப்பையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறோம்.

சிக்கலின் வேர்

இங்கிலாந்தில் ஒரு அரசர், ஒரு நாடாளுமன்றம், ஒரு பொதுச் சட்டம் என்ற அமைப்பு வெகு காலத்துக்கு முன்பே உருவாகிவிட்டது. ஆங்கிலத்தின் ஆட்சிச் சொற்கள் அந்த அனுபவத்தில் விளைந்தவை. ஜெர்மன் பேசிய பகுதிகளில் நிலைமை வேறு. ஒரு பேரரசர் இருந்தார். அவருக்குக் கீழே நூற்றுக்கணக்கான சிற்றாட்சிகள் இருந்தன. கிறிஸ்தவ ஆயர்கள் (பிஷப்புகள்) ஆண்ட நிலங்கள், தன்னாட்சி நகரங்கள், சில ஊர்களை மட்டும் ஆண்ட வீரக்குடிகள் என அவை பலவகைப்பட்டன. ஒரே கிராமத்தில் நிலவாரம் வாங்குபவர் ஒருவர், வழக்கைத் தீர்ப்பவர் இன்னொருவர், தேவாலயத்தை மேற்பார்ப்பவர் மூன்றாமவர் என்று இருக்கலாம். இந்த ஒவ்வொரு உரிமைக்கும் ஜெர்மனில் ஒரு பெயர் உண்டு. ஒன்றுபட்ட அரசு என்ற பார்வையில் வளர்ந்த மொழியில் இவற்றுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் தேடினால் கிடைக்காது.

ரைஷ்: குடியரசாகவும் இருந்த 'பேரரசு'

தமிழில் 'ரைக்', 'ரெய்ச்' என்றும் எழுதப்படும் இந்தச் சொல் லத்தீனின் 'ரெக்ஸ்', வடமொழியின் 'ராஜன்' ஆகியவற்றோடு ஒரே வேரிலிருந்து வந்தது. ஆக, நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட 'ராஜ்யம்' இதற்குத் தூரத்துச் சொந்தம். ஜெர்மன் விவிலியத்தில் இயேசு கற்பித்த ஜெபத்தில் 'உம்முடைய ரைஷ் வருவதாக' என்றுதான் இருக்கிறது. தமிழ் விவிலியத்தில் 'உம்முடைய ராஜ்யம் வருவதாக'. பிரான்சுக்கு ஜெர்மனில் இன்றைக்கும் 'ஃபிராங்க்ரைஷ்' என்று பெயர். ஆஸ்திரியக் குடியரசு தன்னை 'ஓஸ்டர்ரைஷ்' என்று அழைத்துக்கொள்கிறது. இந்த இடங்களிலெல்லாம் பேரரசு என்ற பொருளே இல்லை. ஓர் ஆட்சிக்கு உட்பட்ட பரப்பு, அவ்வளவுதான்.

ஆங்கிலம் இந்த ஒரே சொல்லைக் காலத்துக்கு ஏற்ப மூன்று விதமாக நடத்துகிறது.

1. 1806 வரை நீடித்த பழைய ரைஷ், 'புனித ரோமப் பேரரசு' ஆகிறது.

2. 1871இல் பிறந்த ரைஷ், 'ஜெர்மன் பேரரசு' ஆகிறது.

3. 1933க்குப் பிறகு வந்தது மட்டும் மொழிபெயர்க்கப்படாமல் 'மூன்றாம் ரைஷ்' என்றே நிற்கிறது.

இடையில் 1919 முதல் 1933 வரை என்ன பெயர்? நாம் 'வைமர் குடியரசு' என்கிறோம். ஆனால் அந்த நாட்டின் அதிகாரப்பூர்வப் பெயர் 'ஜெர்மன் ரைஷ்' என்றே தொடர்ந்தது. அதன் அரசியலமைப்பின் முதல் வாக்கியமே 'ஜெர்மன் ரைஷ் ஒரு குடியரசு' என்பதுதான். 'ஜெர்மன் பேரரசு ஒரு குடியரசு' என்று பெயர்த்துப் பாருங்கள், வாக்கியம் தன்னையே மறுத்துக்கொள்ளும். குடியரசின் தலைவர் 'ரைஷ்' தலைவர், நாடாளுமன்றம் 'ரைஷ்டாக்', ரயில்வே 'ரைஷ்பான்', 1924இல் வந்த நாணயம் 'ரைஷ்மார்க்'. பேரரசர் போன பிறகும் சொல் போகவில்லை, ஏனெனில் அது பேரரசரைச் சார்ந்த சொல்லாக இருக்கவில்லை.

இதனால் இரண்டு விளைவுகள். முதலாவது, 1871 முதல் 1945 வரை 'ரைஷ்' என்ற பெயரில் தொடர்ந்த ஓர் அரசு, ஆங்கிலத்தில் மூன்று வெவ்வேறு நாடுகளைப் போலத் தெரிகிறது. இரண்டாவது, ஹிட்லர் காலத்துக்கு மட்டும் ஜெர்மன் சொல்லை அப்படியே விட்டதால் 'ரைஷ்' என்ற சொல்லே நாஜிச் சொல் என்று உலகம் நினைக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வழங்கிய ஒரு சொல்லை 12 ஆண்டுகள் விழுங்கிவிட்டன. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் இழப்பு.

இப்போது ரைஷ்பூர்கர் வாதத்துக்குத் திரும்பலாம். 1973இல் மேற்கு ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம், கிழக்கு ஜெர்மனியுடனான ஒப்பந்தம் பற்றிய தீர்ப்பில், ஜெர்மன் ரைஷ் 1945இல் அழிந்துவிடவில்லை, சட்டத்தின் கண்ணில் அது தொடர்கிறது என்றது. அதே தீர்ப்பு, கூட்டாட்சிக் குடியரசு (மேற்கு ஜெர்மனி) அந்த ரைஷின் வாரிசு அன்று, அந்த அரசேதான் என்றும் சொன்னது. நிலப்பரப்பைப் பொறுத்தவரை மட்டும் ஒரு பகுதி என்றது. அதாவது அரசு ஒன்றுதான், அரசியலமைப்பும் பெயரும் மாறின. ரைஷ்பூர்கர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, பழைய ரைஷ் உயிரோடு இருப்பதால் இன்றைய குடியரசு செல்லாது என்கிறார்கள். தீர்ப்பில் வரும் 'ரைஷ்' என்ற இடத்தில் 'பேரரசு' என்று போட்டால், கைசரின் (பேரரசரின்) ஆட்சி இன்னும் சட்டப்படி நடக்கிறது என்று நீதிமன்றமே சொன்னதுபோல் ஆகிவிடும். 'அரசு' என்று போட்டால் வாதம் நின்ற இடத்திலேயே உதிர்ந்துவிடும்.

ஒரு வேற்றுமை உருபுக்காக வந்த சண்டை

1871 ஜனவரி 18, வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபம். பிரஷ்ய மன்னர் வில்ஹெல்மைப் பேரரசராக அறிவிக்கும் விழா. மன்னர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. தனக்கு 'ஜெர்மனியின் கைசர்' என்ற பட்டம் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். 'ஜெர்மானியக் கைசர்' என்பதுதான் முடியும் என்று அவருடைய பிரதமர் பிஸ்மார்க் சாதித்துவிட்டார்.

வேறுபாடு என்ன? 'ஜெர்மனியின்' என்றால் நிலம் முழுவதும் அவருடையது என்றாகும். பவேரியா, சாக்சனி, வூர்ட்டம்பெர்க் ஆகிய நாடுகளின் மன்னர்கள் அதற்கு எப்படி ஒப்புக்கொள்வார்கள்? 'ஜெர்மானிய' என்பது வெறும் அடைமொழி, யாருடைய நிலத்துக்கும் உரிமை கோராது. விழாவில் வாழ்த்துக் கூற வேண்டிய பாடன் கோமகன் இரண்டையும் தவிர்த்து 'கைசர் வில்ஹெல்ம்' என்று முழங்கித் தப்பித்தார். மேடையிலிருந்து இறங்கிய மன்னர், தனியாக முன்னால் நின்ற பிஸ்மார்க்கைக் கண்டுகொள்ளாமல் கடந்து போய், பின்னால் நின்ற படைத்தலைவர்களுக்குக் கை கொடுத்தார் என்று பிஸ்மார்க்கே பின்னாளில் எழுதினார்.

இவ்வளவு பாடுபட்டுத் தவிர்த்த 'ஜெர்மனியின் பேரரசர்' என்ற பட்டத்தை ஆங்கில எழுத்துகள் பல இடங்களில் அலட்சியமாக அவருக்குக் கொடுத்துவிடுகின்றன. தமிழுக்கு இங்கே தடையே இல்லை. 'ஜெர்மானியப் பேரரசர்', 'ஜெர்மனியின் பேரரசர்' என்று அந்த வேறுபாட்டை அப்படியே காட்டலாம்.

தமிழில் இரட்டிப்பாகும் பிழைகள்

சில சொற்கள் ஆங்கிலத்தில் பாதி வழி தவறுகின்றன, தமிழுக்கு வரும்போது மீதி வழியும் தவறுகின்றன.

1. ஃபுர்ஸ்ட். இது ஆட்சிப் பட்டம். அரசகுலத்தில் பிறந்த பிள்ளைக்கு 'பிரின்ஸ்' என்ற வேறு சொல் ஜெர்மனில் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். 1871இல் பிஸ்மார்க் 'ஃபுர்ஸ்ட்' ஆக்கப்பட்டார். அவர் நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர். ஆங்கிலம் வழியாக வந்து அவரை 'இளவரசர் பிஸ்மார்க்' என்றால் 55 வயதில் அவருக்குப் புதிய தகப்பனார் கிடைத்துவிடுவார். 'கோமான்', 'சிற்றரசர்' என்ற சொற்கள் இடம் பார்த்துப் பொருந்தும்.

2. கூர்ஃபுர்ஸ்ட். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற கோமான். 1356ஆம் ஆண்டின் 'பொன் முத்திரை ஆணை' இந்த உரிமையை ஏழு பேருக்கு உறுதி செய்தது: மைன்ஸ், டிரியர், கொலோன் பேராயர்கள், பொஹீமியா மன்னர், பலாட்டினேட், சாக்சனி, பிராண்டன்பர்க் ஆட்சியாளர்கள். ஆங்கிலத்தில் வெறும் 'எலெக்டர்'. தமிழ் அகராதி அதற்கு 'வாக்காளர்' என்று தரும். சமயச் சீர்திருத்தவாதி லூதருக்கு அடைக்கலம் கொடுத்த சாக்சனி ஆட்சியாளர் 'சாக்சனி வாக்காளர்' ஆனால் வரலாறு என்ன ஆவது? 'தேர்வுக் கோமான்' என்று சொல்லலாம்.

3. ரைஷ்ஷ்டாட். நியூரம்பெர்க், லூபெக் போன்ற நகரங்கள். ஆங்கிலத்தின் 'இம்பீரியல்' என்ற அடைமொழியைப் பார்த்தவுடன் தமிழில் 'ஏகாதிபத்திய' என்று கை எழுதிவிடும். இந்த நகரங்கள் எவரையும் அடக்கி ஆளவில்லை. வேறு கோமான் எவருக்கும் கீழ்ப்படாமல் நேரே பேரரசருக்கு மட்டும் கட்டுப்பட்டவை, அதுவே அவற்றின் சுதந்திரம்.

4. ஃபோக்ட். லத்தீன் 'அட்வொகாட்டுஸ்' என்பதிலிருந்து வந்தது. மடங்களின் சார்பில் நீதி வழங்கிக் காவல் காத்த உலகியல் அதிகாரி. ஆங்கிலத்தில் சில நூல்கள் 'அட்வகேட்' என்கின்றன. அதை 'வழக்கறிஞர்' என்று பெயர்க்கக் கூடாது.

5. புண்ட். ஒன்றுசேர்ந்த அமைப்பு என்று பொருள். 1815இல் அமைந்தது தனித்தனி அரசுகளின் கூட்டணி. 1867இல் வட ஜெர்மனியில் அமைந்தது சொந்த அரசியலமைப்பும் ஆண்கள் அனைவரும் வாக்களித்த நாடாளுமன்றமும் கொண்ட ஒரே கூட்டாட்சி அரசு. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதால், 52 ஆண்டுகளில் நடந்த மாபெரும் மாற்றம் பெயரிலிருந்து மறைந்துவிடுகிறது.

லாண்டஸ்ஹோஹைட்: இறைமை என்று நம்பப்பட்ட ஒன்று

இங்கே பிழை ஒரு கோட்பாடாகவே வளர்ந்துவிட்டது. 1648 அக்டோபர் 24ஆம் தேதி, முப்பதாண்டுப் போரை முடித்த வெஸ்ட்பாலிய உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. அன்றுதான் இறைமை பெற்ற அரசுகளின் உலகம் பிறந்தது என்று சர்வதேச உறவுப் பாடநூல்கள் வெகுகாலமாகச் சொல்லிவருகின்றன. லத்தீனில் எழுதப்பட்ட உடன்படிக்கை ஜெர்மன் கோமான்களுக்கு உறுதிசெய்தது 'நிலப்பகுதி உரிமை'. ஜெர்மன் சட்ட அறிஞர்கள் அதை 'லாண்டஸ்ஹோஹைட்' என்றார்கள். 'ஹோஹைட்' என்றால் உயர்வு, மேன்மை. தன் நிலப்பகுதிக்குள் மற்றவர்களைவிட மேலான அதிகாரம் என்று பொருள். அதற்கு மேலே யாரும் இல்லை என்று அது சொல்லவில்லை. பிற நாடுகளோடு கூட்டணி வைத்துக்கொள்ளலாம், ஆனால் பேரரசருக்கும் ரைஷுக்கும் எதிராக வைக்கக் கூடாது என்று அந்த உடன்படிக்கையே எல்லை போட்டது.

நடைமுறையில் அதன் பொருள் என்ன என்று மெக்லென்பர்க் கோமகன் கார்ல் லியோபோல்டின் கதை காட்டும். அவர் தன் நாட்டுப் பிரபுக்களை ஒடுக்கினார். அவர்கள் பேரரசரின் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 1719இல் பேரரசின் ஆணைப்படி படை உள்ளே வந்தது. 1728இல் வியன்னாவிலிருந்த அரசவை நீதிமன்றம் அவரை ஆட்சியிலிருந்தே விலக்கியது. குடிகள் வழக்குப் போட்டால் பதவி போகும் ஒருவரை இறைமை கொண்டவர் என்று எப்படிச் சொல்வது? 'நாட்டு மேலதிகாரம்' என்று சொன்னால் அவருக்கு இருந்ததும் தெரியும், இல்லாததும் தெரியும்.

ஹெர்ஷாஃப்ட்: எல்லாவற்றிலும் கடினமானது

ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபரின் 'பொருளாதாரமும் சமூகமும்' அவர் 1920இல் இறந்த பிறகு வெளிவந்தது. அதில் அவர் இரண்டு சொற்களைப் பிரிக்கிறார். 'மாக்ட்' என்பது எதிர்ப்பையும் மீறித் தன் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பு, அது எதன் பலத்தில் வந்தாலும் சரி. 'ஹெர்ஷாஃப்ட்' என்பது இன்ன ஆணைக்கு இன்னாரிடம் கீழ்ப்படிதல் கிடைக்கும் வாய்ப்பு. முதலாவதற்கு வலு போதும். இரண்டாவதற்கு ஆணையிடுபவர் ஒருவரும், கீழ்ப்படிபவர் ஒருவரும் வேண்டும்.

இந்த இரண்டாவது சொல்லை ஆங்கிலம் எப்படிக் கையாண்டது என்று பார்த்தால் ஒரு நூற்றாண்டின் சிந்தனைப் போக்கே தெரிகிறது.

1. 1947இல் வெளிவந்த மொழிபெயர்ப்பில் டால்காட் பார்சன்ஸ் பொது வரையறைக்கு 'ஆணைவழிக் கட்டுப்பாடு' என்ற பொருளில் ஒரு தொடரை அமைத்தார். மக்கள் ஏற்றுக்கொண்ட ஹெர்ஷாஃப்டுக்கு 'அதிகாரம்' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லை வைத்தார். சமூகம் எப்படி ஒழுங்காக நிற்கிறது என்பதே அவருடைய அக்கறை. அந்த நூலில் வேபர் ஒழுங்கின் சிந்தனையாளராகத் தெரிகிறார்.

2. 1968இல் குந்தர் ரோத், கிளாஸ் விட்டிச் பதிப்பித்த முழு மொழிபெயர்ப்பில் 'ஆதிக்கம்' என்ற பொருளுள்ள சொல் முன்னுக்கு வந்தது. அதே வேபர் இப்போது அடக்குமுறையை ஆராய்பவராகத் தெரிந்தார்.

3. 2019இல் கீத் டிரைப், 'ஆட்சி' என்ற பொருளுள்ள எளிய சொல்லைத் தேர்ந்தெடுத்தார்.

மூன்றாவது தேர்வே என் மனதுக்குச் சரியாகப் படுகிறது. 'மக்கள் ஏற்ற ஆதிக்கம்' என்றால் சொற்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. 'மக்கள் ஏற்ற அதிகாரம்' என்றால் ஒடுக்குமுறையின் சாயலே மறைந்துவிடுகிறது. ஹெர்ஷாஃப்டில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. ஏன் என்று அறிய, அந்தச் சொல் அரசாங்கத்துக்கு வெளியே எங்கெல்லாம் வழங்கியது என்று பார்க்க வேண்டும். அதன் முன்பாதி 'ஹெர்'. ஆளைக் குறிக்கும் 'திருவாளர்', வீட்டு எஜமானர், கடவுளாகிய ஆண்டவர் எல்லாம் 'ஹெர்'தான். வேலைக்காரர்கள் தம் எஜமானர் குடும்பத்தை 'ஹெர்ஷாஃப்ட்' என்றார்கள். நிலக்கிழார் குடியானவர்களிடம் வாரமும் ஊழியமும் வாங்கிய உறவு 'குருண்ட்ஹெர்ஷாஃப்ட்'. கிழார் ஆண்ட பரப்புக்கும் அதே பெயர். உறவு, உரிமை, நிலம் மூன்றையும் ஒரே சொல் தாங்கியது. இடைக்கால ஆஸ்திரியாவைப் பற்றி ஓட்டோ புருன்னர் எழுதிய நூலை 1992இல் ஆங்கிலப்படுத்தியவர்கள் இதே சொல்லுக்கு 'பிரபுத்துவம்' என்ற பொருளில் வேறொரு சொல்லைப் போட்டார்கள். அந்த இடத்துக்கு அது பொருத்தம்தான். ஆனால் ஆங்கிலத்தில் மட்டும் படிப்பவருக்கு, வேபர் பேசியதும் புருன்னர் பேசியதும் ஒரே சொல் என்பது தெரியவே தெரியாது.

தமிழ் இங்கே ஆங்கிலத்தைவிட ஜெர்மனுக்குப் பக்கத்தில் நிற்கிறது. 'ஆள்' என்ற ஒரு வினையிலிருந்து ஆட்சி, ஆளுநர், ஆண்டவர் ஆகியவை வந்தன. தஞ்சைப் பகுதிப் பண்ணையாட்கள் நிலக்காரரை அழைத்த 'ஆண்டை'யும் அங்கிருந்துதான். 'அந்த வீட்டில் மாமியார் ஆட்சி' என்று சொல்லும்போது வீட்டுக்குள்ளும் ஆட்சி நுழைகிறது. கிரயப் பத்திரத்தில் 'ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று எழுதும்போது நிலத்துக்கும் அதே வினை. மக்களின் ஒப்புதல் பெற்ற அரசும், சாட்டையோடு நின்ற ஆண்டையும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். ஹெர்ஷாஃப்டைப் புரிந்துகொள்ள ஒரு தமிழருக்கு இதைவிட நல்ல வழிகாட்டி வேண்டியதில்லை. கையில் இதை வைத்துக்கொண்டு, ஆங்கிலச் சொல்லைப் பார்த்து 'ஆதிக்கம்' என்று எழுதிப் பாதியை இழக்கிறோம்.

ஓப்ரிக்கைட், கெவால்ட்

லூதர் 1523இல் உலகியல் ஆட்சியாளருக்கு எந்த அளவு கீழ்ப்படிவது என்று ஒரு நூல் எழுதினார். அவர் பயன்படுத்திய சொல் 'ஓப்ரிக்கைட்', அதாவது மேலே இருப்பவர்கள். ஊர் நடுவர் முதல் கோமான் வரை எல்லாரும் இதில் அடக்கம். ஆங்கிலத்தில் 'அரசாங்கம்', 'அதிகாரம்', 'நடுவர்' என்று பொருள்படும் சொற்கள் மாறி மாறி வருகின்றன. லூதரின் விவிலியத்தில் ரோமர் 13ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்திலும் இந்தச் சொல்தான். தமிழ் விவிலியம் அங்கே 'மேலான அதிகாரமுள்ளவர்கள்' என்கிறது. மேலே இருத்தல் என்ற கருத்து அதில் அப்படியே இருக்கிறது. தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு காலம் முதல் ஜெர்மானியர்கள் ஆங்கிலத்தின் துணையில்லாமல் தமிழில் விவிலியத்தைப் பெயர்த்துவந்தவர்கள் என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம்.

'கெவால்ட்' வேறு வகைச் சோதனை. ஜெர்மனியின் 1949ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டம் 20ஆவது பிரிவில், அரசின் கெவால்ட் முழுவதும் மக்களிடமிருந்தே வருகிறது என்கிறது. அங்கே அது அதிகாரம். தெருவில் ஒருவரை அடித்தால் அதுவும் கெவால்ட். அங்கே அது வன்முறை. 1921இல் ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் இந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்து ஒரு கட்டுரை எழுதினார். சட்டத்தின் அதிகாரமும் வன்முறையும் ஒன்றிலிருந்து ஒன்று எப்படிப் பிறக்கின்றன என்பதே அதன் பொருள். ஆங்கிலத் தலைப்பில் 'வன்முறை' என்ற பொருள் மட்டும் தங்கிவிட்டது. தமிழிலும் இரண்டையும் சுமக்கும் ஒரு சொல் கிடையாது. இத்தகைய இடத்தில் ஒன்றைத் தேர்ந்து மற்றதை மறைப்பதைவிட, முதல் முறை வரும்போது 'கெவால்ட்' என்றே எழுதி, அதன் இரு பொருளையும் ஒரு வரியில் சொல்லிவிட்டு, பிறகு அந்தச் சொல்லையே கட்டுரை முழுதும் கொண்டுபோவது நல்லது.